மூன்று விலைப்புள்ளிகளும் காற்றும்

நாள் 212, காலை 07:10
நிலாத் தென்முனை நிலையம். பதிவு: நிலையத் தலைவர் இரா. திலகவதி.

ஓர் ஆலோசனை எந்தக் கட்டத்தில் விதியாக மாறுகிறது? எனக்குத் தெரியவில்லை. அரசு ஆய்வகங்களில் பாதி ஆயுளைக் கழித்த பிறகும் தெரியவில்லை.

மின்சாரம் சீர். நீர் மறுசுழற்சி சீர். கரியமில வாயு 0.6 சதவீதம், நேற்றைவிடக் கூடுதல். காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். வாயுவை உறிஞ்ச வேண்டிய மணிகள் மாவாக உதிர்ந்து கிடக்கின்றன. உதிரியாக வைத்திருந்தவற்றையும் பிரித்தோம். எல்லாம் மாவு.

பொறியாளர் ஆன்றோ தனியார் கிடங்குக்குக் கிளம்பிவிட்டார். ஆறு மணி நேரப் பயணம். நிலையத்தில் நாங்கள் இருவர்தான்; வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். நிலவின் இந்தப் பக்கத்தில் வடிகட்டி விற்பவர்கள் அவர்கள் மட்டுமே.

பகல் 13:40
கொள்முதல் கையேட்டில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி விதிகள், யாரும் மீறக்கூடாது. இரண்டாம் பகுதி வழிகாட்டுதல்கள். பொருந்தாத இடத்தில் காரணம் எழுதிவிட்டு விட்டுவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் நிலையத் தலைவர் தன் கையெழுத்திலேயே உடனே வாங்கியாக வேண்டும் என்பது முதல் பகுதி. மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குவது நல்லது என்பது இரண்டாம் பகுதி.

இவ்வளவும் தெரிந்தும், பூமியிலுள்ள கொள்முதல் பிரிவுக்கு "வாங்கட்டுமா?" என்று செய்தி அனுப்பினேன். எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான். தேவையில்லாத இடத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம். கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த ஆன்றோவிடம் வானொலியில் இதைச் சொன்னேன்.

"கேட்டுட்டீங்களா மேடம்? போச்சு. கேட்டா அது ஃபைலாயிரும். பொறவு பதில் வராம தும்மக்கூட முடியாது."

சிரித்தேன்.

மாலை 18:25
கரியமில வாயு 1.8. தலை கனக்கிறது. கொள்முதல் அதிகாரி பரந்தாமனின் பதில் வந்தது.

"உங்க நிலைமை புரியுது மேடம். ஆனா மூணு கொட்டேஷன் இல்லாம ஃபைலை மேல வைக்க முடியாது. போன தடவை ஆடிட்ல கேட்டுட்டாங்க."

இங்கே விற்பவர் ஒருவர்தான் என்று எழுதினேன். அது வெறும் வழிகாட்டுதல், விதியல்ல என்றும் எழுதினேன்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். ஒருத்தர்தான் இருக்காருன்னா, வேற ரெண்டு பேர்கிட்ட 'எங்ககிட்ட இல்ல'ன்னு எழுதி வாங்கி அனுப்புங்க."

அவர் கேலி செய்யவில்லை.

நாள் 213, காலை 06:50
3.4. தூங்கவில்லை.

உதிர்ந்த வடிகட்டிகளின் சோதனைச் சான்றிதழைப் பரந்தாமனிடம் கேட்டிருந்தேன். மூச்சு சம்பந்தப்பட்ட எந்தச் சாதனத்தையும் தரையில் முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் மேலே அனுப்பக்கூடாது. முதல் பகுதி. விலக்கு அளிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"டெஸ்ட்டுக்கு நேரம் பத்தல மேடம். மேலிடத்துல விலக்கு குடுத்துட்டாங்க. ஆனா கொட்டேஷன் மூணும் பக்காவா இருக்கு, வேணும்னா அனுப்புறேன்."

விலக்கே கூடாத விதிக்கு விலக்கு. யார் வேண்டுமானாலும் விட்டுவிடக்கூடிய ஆலோசனைக்கு மட்டும் விலக்கில்லை. பரந்தாமன் கெட்டவரல்ல. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். இவர் பயந்தவர். தணிக்கையில் மூன்று விலைப்புள்ளிகளைக் கேட்பார்கள். மூச்சு முட்டிச் செத்தவள் எந்தத் தணிக்கையிலும் வந்து கேட்கப் போவதில்லை.

பகல் 11:30
4.2. பரந்தாமன் இன்னொரு செய்தி அனுப்பியிருக்கிறார். கோப்பு பரிசீலனையில் உள்ளதாம். முடிவு வரும்வரை எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாமாம்.

அடுத்து ஆன்றோ, கிடங்கிலிருந்து:

"ஆறு வடிகட்டியையும் வண்டியில ஏத்தியாச்சு. கிடங்குக்காரரு ஒங்க கையெழுத்து மட்டுந்தான் கேக்காரு மேடம். அந்த ஆளு பதிலுக்கு எதுக்குக் காத்துக் கெடக்கீங்க? ஒங்க குரலே சரியில்ல."

கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். முதல் பகுதியின்படி. வண்டி கிளம்பிவிட்டது. பரந்தாமனுக்கு, என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். அதற்குத் தனியாக விண்ணப்பம் தர வேண்டும் என்று பதில் வந்தது.

மாலை 16:10
5.0. கோபம் வந்தால் மூச்சு அதிகம் செலவாகிறது. கோபப்படக் கூடாது. படுகிறேன்.

மூன்று பேரிடம் கேட்க வேண்டும். காற்று என்ன விலை. யாரிடம். குறைந்த விலைக்கு யார்

வானொலியில் ஆன்றோ பேசிக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. வெளிக்கதவுப் பூட்டை எடுத்துவிட்டேன். தரையில்

நாள் 214, காலை 09:00
நடந்தது இது. ஆன்றோ நேற்று மாலையே வந்து சேர்ந்தார். முதலில் வண்டியிலிருந்த ஆக்சிஜன் முகமூடியை எனக்குப் போட்டார், பிறகு வடிகட்டிகளைப் பொருத்தினார். இப்போது 0.7.

எழுந்து உட்கார முடிந்ததும், சோதிக்காத அந்தச் சரக்கு வேறு எங்கே போயிருக்கிறது என்று பரந்தாமனிடம் விசாரித்தேன். பாதி வடமுனை நிலையத்துக்கு. அங்கே நான்கு பேர். முந்தாநாள்தான் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வடமுனைத் தலைவர் நூர்தீனை நேரடியாக அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உறையைத் திறந்து பாருங்கள், மாவாக இருந்தால் இன்றைக்கே உங்கள் பக்கத்துக் கிடங்குக்கு ஆள் அனுப்புங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றி மேடம். எங்களுக்கும் சந்தேகம் வந்துச்சு. கீழே பூமிக்கு எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வந்ததும் திறந்து பாத்துடறோம்."

அங்கே அளவு என்ன என்று கேட்டேன். 1.9 என்றார்.