தவளைப் பாட்டுக்கு ஐந்து குரல்

நவம்பர் 11, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. முழங்கால் வரை சேறு. மிருதங்கம் ஈரம் பட்டுத் தொப் தொப் என்கிறது. மூன்று பிள்ளைகள் வரவில்லை, காய்ச்சல்.

குழந்தைகள் தின விழாவுக்கு மூன்றே நாள். நான் எழுதிய ஏரிப் பாட்டு ஐந்தும் வரிசையாக: காய்ந்த ஏரி, முதல் மழை, தவளை, மீன், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிவது. நான்கு தேறும். தவளை தேறாது. வயலின் நின்று, மற்ற பிள்ளைகளும் நிறுத்தி, தடித்த குரல்காரிகள் ஐந்து பேர் மட்டும் பாட வேண்டிய பாட்டு. போன மாதம் கும்மென்று இருந்தது. இன்று ஒன்றுமே கேட்கவில்லை.

ஆர்மோனியம் டேனியல் சார் மேல் எரிந்து விழுந்தேன். "மெதுவா வாசிங்க சார், பிள்ளைங்க குரலே கேக்கலை."

"நான் சும்மா தொட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்." முகம் சுண்டிவிட்டது.

அந்த ஐந்து பேருக்கும் திட்டு. சோறு தின்னலையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, அம்மாவுக்கு இருமல் மருந்து.

நவ. 12, செவ்வாய்
மழை விட்டது. புழுக்கம்.

தவளை மறுபடி ஊமை. ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிப் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து வாயும் திறந்து திறந்து மூடுகின்றன. சத்தம் இல்லை.

மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கடப்பேரிப் பெண், ஆறாம் வகுப்பு, அப்பா கல் உடைக்கிறார். ஐந்து பேரில் கனத்த குரல் அவளுடையதுதான்.

"பெரிய டீச்சர்தான் சொன்னாங்கோ டீச்சர். வாய மட்டும் அசச்சிகினு இரு, சத்தம் வுடாதன்னு. அஞ்சி பேரையும் இட்டுகினு போயி சொன்னாங்கோ. எங்க குரலு கரகரன்னு கீதாம்."

டேனியல் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்றார், முகம் பார்க்காமல். பிள்ளைகளிடம் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. எனக்கும் வெட்கம் இல்லை.

நவ. 13, புதன்
பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, அறையில். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஜாய்ஸ், சீஃப் கெஸ்ட் முன்னாடி அந்தக் குரல் எல்லாம் வேணாம். ஸ்டேஜ்ல நிக்கட்டும், ரிப்பன் கட்டிக்கட்டும், போட்டோவுல இருக்கட்டும். போதாதா?"

"அது தவளைப் பாட்டு டீச்சர். அவங்களுக்குன்னே எழுதினது."

"அப்போ வேற பிள்ளைங்களுக்கு மாத்தி எழுதிடுங்க."

மாற்றி எழுத வேண்டுமாம். கோடை விடுமுறை பூராவும் உட்கார்ந்து எழுதியது. அந்தப் பிள்ளைகள் பாடாவிட்டால் நானும் மேடை ஏற மாட்டேன் என்றேன். கத்திவிட்டேன். வராந்தாவில் கேட்டிருக்கும், கேட்கட்டும். கடைசியில் "உங்க இஷ்டம்" என்றாள். ஆம், என்றாள்தான், என்றார் இல்லை. இங்கே எதற்கு மரியாதை.

மாலை ஐந்து பேரிடமும் சொன்னேன், நாளைக்கு முழுத் தொண்டையில் என்று. உடனே பாடியும் காட்டினார்கள். டேனியல் சார் முதல் தடவையாகச் சிரித்தார்.

அம்மாவுக்கு மருந்து மறந்துபோச்சு.

நவ. 14, வியாழன்
வெயில். கூட்டம். முதல் இரண்டு பாட்டும் நன்றாக.

தவளைக்குக் கையைத் தூக்கினேன். மிருதங்கம் ஓடுகிறது. டேனியல் சார் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். ஐந்து வாயும் ஒரே சீராக அசைகின்றன. சத்தம் இல்லை. பாட்டு முழுக்க அப்படியே. முன்வரிசையில் கைதட்டல் வேறு. எஞ்சிய இரண்டையும் எப்படி முடித்தேனோ.

பெரிய டீச்சர் கை குலுக்கினாள். "இன்னிக்குதான் சுத்தமா இருந்தது." கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். ஐந்து பேர் மேலும் அவ்வளவு கோபம். என் பேச்சைக் கேட்க மாட்டார்களா, நேற்று பாடியும் காட்டினார்களே.

படி இறங்கும்போது மல்லிகா ஓடி வந்து கையைப் பிடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நாங்க மேடை ஏறிகினு இருந்தப்போ பெரிய டீச்சர் வந்தாங்கோ டீச்சர். நாங்க பாடுனா உங்க வேலை பூடுமாம். ஒருத்தி கூட சத்தம் வுடலை. நல்லா அசச்சேனா டீச்சர்?"