உன் வாட்ச்சின் தங்கக் கூடு

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தே இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் ஏற முடியவில்லை. எனக்கு உடம்பில் கோளாறு இல்லை, மனசுதான் ஒரு வாரமாகச் சரியில்லை. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

"தங்கம் ஏறிக் கிடக்கிறதே, லாக்கரில் தூங்குகிற என் வாட்ச்சை எடை போட்டு விற்று அனுப்பு, வீட்டு முன்பணத்துக்கு ஆகும்" என்று போன மாதம் கேட்டாய். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். நடைபாதையில் வாட்ச் பட்டை விற்று ஆரம்பித்தவள் நான். என் கைக்கு வந்த பழைய வாட்ச்சுகளில் விலைச்சீட்டு கட்டாமல் வைத்தது அது ஒன்றுதான், நீ முதல் வேலைக்குப் போனபோது உனக்காக. அது கிடக்கட்டும், விஷயத்தைக் கேள். நாற்பது கிராம் வாட்ச் என்றால் நாற்பது கிராம் தங்கம் இல்லை. மெஷின், கண்ணாடி, பட்டை எல்லாம் கழித்தால் மேல்கூடு பதினேழு கிராம் தேறும், அதுவும் பதினாலு கேரட். முன்பெல்லாம் அந்தத் தங்கத்தின் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து, வாட்ச்சாகவே வாங்க ஆட்கள் இருந்தார்கள். இப்போது தங்கம் ஏறி அந்த விலையைத் தொட்டுவிட்டது, வாங்குகிறவர்கள் மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறார்கள். அதனால் ஊரே வாட்ச்சைப் பிரித்து உருக்கக் கொடுக்கிறது. நானும்தான் கொடுத்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது. கூடு போன மெஷின்கள் கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கின்றன. டின்னை நகர்த்தினால் நாலைந்து ஓட ஆரம்பித்துவிடும்.

அதில்தான் தப்பு நடந்தது. போன செவ்வாய்க்கிழமை விலை எகிறி, கடை வாசலில் ஆட்கள் வரிசை. மூடி திறப்பது மெக்கானிக், எடை போடுவது நான், அதுதான் நம் கடை முறை. அன்று அவன் ஒருவனால் முடியவில்லை என்று நானும் கத்தியை எடுத்து உட்கார்ந்தேன். ரிப்பேருக்கு வந்த தட்டில் பச்சைச் சீட்டு இருக்கும். ஒரு சீட்டு பக்கத்துத் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அந்தத் தட்டில் இருந்த வாட்ச்சையும் பிரித்து, கூட்டை உருக்கப் போகிறதோடு சேர்த்துவிட்டேன். ஐந்து மணிக்கு உருக்குகிறவரின் ஆள் வந்து மொத்தமாக வாங்கிப் போய்விட்டான். மறுநாள் காலை மெக்கானிக் டின்னிலிருந்து ஒரு மெஷினை எடுத்து, "அக்கா, இது சுத்தம் பண்ண வந்ததுக்கா" என்றான். உடனே போன் போட்டேன். உருக்கியாகிவிட்டது.

கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடையது அது, முதல் வருஷச் சம்பளத்தில் வாங்கினாராம். திருடு போய்விட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்லி, எடைக்கு உண்டான பணத்தையும் அதற்கு மேலே பாதியையும் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மெக்கானிக் அதற்குள் மெஷினைச் சுத்தம் செய்து ஓடவிட்டிருந்தான், அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுதும்மா. இதை நான் எதுல போட்டுக் கட்டிக்கிட்டுப் போறது?" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், இத்தனை வருஷ வியாபாரத்தில் அது பழக்கம்தான். அவர் மெஷினை எங்களிடமே விட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பொருந்துகிற கூடு தேடி எல்லாக் கடையும் அலைந்துவிட்டோம். இருந்ததெல்லாம் உருக்கப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதே கம்பெனி, அதே அளவு, உன்னுடையது. மூடியைத் திறக்காமலே அளந்து பார்த்துவிட்டு, பொருந்தும் என்று மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

நீ கேட்டபோது மனசு வராதவள் இப்போது நானே கேட்கிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் அன்றைய விலைக்கு எடை போட்டுப் பணத்தை உனக்கு அனுப்பிவிடுவேன், ஒரு காசு குறையாது. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல், எனக்காகப் பார்க்காதே, பெரியவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

முன்பணம் கட்டும் முன் வீட்டுப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டு, சிரிக்கிற தரகரை நம்பாதே. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இருவரும் குறையில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போன் செய், மறந்துவிடாதே. உன் வாட்ச்சை லாக்கரிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். நீ சொல்லும்வரை மூடியைத் திறக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா