டிசம்பர் முப்பத்தொன்று, குழந்தைகள் வார்டு

12 டிசம்பர் 1999

அக்காவுக்கு,

குட்டி கொஞ்சம் எடை போட்டிருக்கிறாளாம். ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்தவள். இன்னமும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விடுகிறது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் பேப்பரில் உன் கட்டுரையைப் படித்தோம். 'இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிக்குமாம்!' இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் வாயைத் திறந்தாலே, "உன் அக்காவே எழுதிட்டாங்க, இன்னும் என்ன உனக்கு?" என்கிறார்.

டிவியைப் போட்டால் வேறு கதை. வருடத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் இயந்திரங்கள், பூஜ்யம் பூஜ்யம் வந்ததும் குழம்பி நின்றுவிடுமாம். குட்டியின் மெஷினிலும் ஒரு மூலையில் தேதி ஓடுகிறது அக்கா. 99 என்றுதான் இருக்கிறது.

ஒன்றும் ஆகாது என்று யாரைக் கேட்டு எழுதினாய்? அவ்வளவு நிச்சயம் என்றால், முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி வந்து என் பக்கத்தில் உட்கார்.

உன் தங்கை

18 டிசம்பர்

என் பயந்தாங்கொள்ளிக்கு,

இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தவள்தானே நீ! கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் கேட்டுத்தான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் கேட்கவில்லைதான்; கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறார்கள். ஒரு பேப்பர் பயமுறுத்தினால் இன்னொன்று சிரிக்க வேண்டும், அதுதானே எங்கள் பிழைப்பு.

இங்கே ஒரு கூத்து. எங்கள் ஆசிரியர் பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வாசலில் நிறுத்திவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலமே பேப்பரை அடித்து முடிக்க வேண்டுமாம். "எதுக்கும் இருக்கட்டுமே"ங்கிறார். ஆபீஸே சிரிக்கிறது.

லீவு கேட்டால் கிடைக்கும். ஆனால் அன்றைக்குப் பார்த்து ரயில் ஏற மனசில்லை. சிக்னல் எல்லாம் கம்ப்யூட்டர்தானே, எதற்கு வம்பு? ஜனவரியில் சாவகாசமாக வருகிறேன். குட்டிக்குப் பெரியம்மாவின் முத்தம்.

உன் அக்கா

23 டிசம்பர்

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு நேரே பெரிய நர்ஸிடம் கொண்டுபோனேன்.

"சிரிக்கிற பேப்பரே ஜெனரேட்டர் பிடிச்சிருக்கு. எழுதினவங்க ரயில் ஏற மாட்டாங்களாம். நீங்க என்ன செஞ்சிருக்கீங்க சிஸ்டர்?"

படித்ததும் அவள் முகம் மாறிப்போனது. "மெஷின்காரரைக் கேட்டேன்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாரு."

"எதை வச்சுச் சொன்னாரு?"

"உங்க அக்கா கட்டுரையைத்தான் காட்டினாரு."

அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன் அக்கா. நீ ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, இவர்கள் உன்னைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது டாக்டர் ஏற்பாடு செய்துவிட்டார். அன்று ராத்திரி பெட்டிக்கு ஒரு ஆள். மெஷின் நின்றால் பலூன் மாதிரி ஒரு பையை அமுக்கி, கையாலேயே மூச்சு கொடுக்க வேண்டும். ஆள் போதவில்லை என்று எனக்கும் பொம்மையை வைத்துப் பழக்குகிறார்கள். பலமாக அமுக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். தயங்கினால் காற்று போகாது. வீட்டுக்கு வந்தும் விரல்கள் அமுக்கிக்கொண்டே இருக்கின்றன. இவர் இப்போது சிரிப்பதில்லை.

உன் தங்கை

1 ஜனவரி 2000, ராத்திரி

அக்கா,

ஒன்றும் ஆகவில்லை.

ஆறு பெட்டிக்கு ஆறு பேர், கையில் அந்தப் பையோடு நின்றோம். பெரிய டாக்டர்கூட வீட்டுக்குப் போகவில்லை. தெருவில் ஒரே கூச்சல் எழுந்தது. மெஷினின் மூலையில் 00 வந்தது. குட்டியின் நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. "கையை எடும்மா, தாண்டியாச்சு" என்றாள் நர்ஸ். என் விரல்கள் வரவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

'பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன்' என்று நீ பேப்பரில் எழுதுவாய். எழுது, கோபமில்லை. ஜெனரேட்டர், ரயில் என்று நீ எனக்கு உளறிக்கொட்டியிருக்காவிட்டால் அந்த ஆறு பேரும் நின்றிருக்க மாட்டார்கள்.

இன்று வார்டு பழையபடி. ஆறு பெட்டிக்கும் ஒரே நர்ஸ், அவளுக்கும் கண் சொருகுகிறது. சாயங்காலம் கரண்ட் ஒரு நொடி போய்விட்டு வந்தது. யாரும் தலை நிமிரவில்லை.

நேற்றைவிட இன்றுதான் பயமாக இருக்கிறது அக்கா. நேற்று ஊரே சேர்ந்து பயந்தது. இன்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள். நான் ஒருத்திதான் மிச்சம்.

கிளம்பி வா.

உன் தங்கை