கால்பட்டியில் ஏறிய உப்பு

அன்பு மகள் பிரான்வினுக்கு, சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அபர்டீனில் குளிர் அதிகமாமே, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

உன் கடிதம் வந்தது. நான் வாங்கிக் கொடுத்த, கடலில் நின்றபடி துடுப்புப் போடும் பலகைதான் அப்பாவைக் கொன்றது, அதை எரித்துவிடு என்று எழுதியிருக்கிறாய். பாவி நான், ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு உன்னை அழவிட்டேன். பலகை மேல் ஒரு குற்றமும் இல்லையடி. அப்பா அதை வெயில் படாமல் கொட்டகைக்குள், தகரச் சுவரில் ஒட்டாமல் இரண்டு வார்களில் தொங்கவிடுவார். ஈரத்தோடு உறையில் போடவே மாட்டார். கடலிலிருந்து வந்ததும் பலகையையும், அதைக் காலோடு பிணைக்கும் பட்டியையும் நல்ல தண்ணீரில் அலசுவார். நம் வீட்டுக்குக் கூரையில் விழுந்து தொட்டியில் சேரும் மழைதானே தண்ணீர், நவம்பரிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. நான்தான் கத்தினேன், குடிக்கவே தண்ணி இல்ல, உங்க பலகைக்குக் குளியல் ஒரு கேடா என்று. சரிங்க மகாராணி, இனிமே துண்டால துடைச்சுக்கிறோம், நானும் அதுவும் என்று சிரித்தார். ஏழு வாரம் அப்படித்தான் துடைத்தார். கால்பட்டியை ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோவுக்குள் ஏறும் உப்பும் மணலும் துண்டுக்கு வருமா?

அன்று வடக்குக் காற்று பலம். அப்பா தடுமாறி விழுந்ததும் பட்டி கழன்று, பலகை காற்றோடு கடலுக்குள் போய்விட்டது, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அப்பா மூழ்கிப்போனார். அதைப் படகில் மீட்டு வந்த பக்கத்து வீட்டு டெஸ், பட்டியை ஒட்டிப் பார்த்தார், விரல் பட்டதும் பிரிந்தது. உப்பு ஏறிப்போச்சு மொரீன், அலசியிருந்தா பிடிச்சிருக்கும் என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அத்தனை நாளும் நான் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இனி உன்னை நொந்துகொள்ளாதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ராத்திரி வேலை முடிந்து வந்தால் எதையாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படு. எனக்குப் போன் செய்யப் பிடிக்காவிட்டால் செய்ய வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் அம்மா என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படும்
மொரீன்