காற்றின் திசையை வாசித்தவள்

இன்று அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. உடனே உமது நினைவுதான். வீட்டுப் பழங்கடிதங்களையும் படங்களையும் அந்த மணத்தோடுதான் வகுப்புக்குக் கொண்டுவருவீர்.

நீர்வேலியில் நாம் ஒன்றாகப் படிப்பித்த காலம். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகள் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். நீர் படிப்பித்த சரித்திரத்துக்குப் புத்தகம் ஆறு பேருக்கு ஒன்று. அவர்களில் ரெஜினா இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடமே போகாதவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். வகுப்பாசிரியை நான். அவளை ஏழாம் வகுப்புக்கு இறக்கலாம் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

"சின்னப் பிள்ளையளோடை இருக்கமாட்டன். எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்," என்று அழுதாள்.

நீர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "நாளைக்கு என்ரை பாடத்துக்கு வந்து இரும்," என்றீர்.

வகுப்பின் கடைசி வரிசை வாங்கில் வந்து இருந்தேன். குருநகரில் வேலை பார்த்த உமது அப்பா, கொழும்பிலிருந்த உமது அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை நன்றாக வாசிக்கிறவர்களிடம் கொடுத்தீர். 'நேற்று எடுத்தது' என்று எழுதி அவர் அதோடு அனுப்பிய கடற்கரைப் படத்தை ரெஜினா இருந்த குழுவிடம் கொடுத்தீர். கடிதத்தில் திகதியிருந்த மூலை கிழிந்திருந்தது.

"எந்த மாதம் எழுதினதெண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் கேள்வி ஒண்டுதான்."

கடிதம் வைத்திருந்தவர்கள் 'மழை' என்ற சொல்லைக் காட்டி, மார்கழி என்றார்கள். ரெஜினா மெல்ல எழும்பினாள்.

"இல்லை ரீச்சர். இது எங்கடை கரை. வள்ளம் பாய் விரிச்சுக் கரைக்கு வருது. மார்கழியிலை வாடைக்காத்து, கரையிலையிருந்து கடலுக்கு அடிக்கும். அப்ப பாயை இறக்கிப்போட்டுக் கம்பு ஊண்டித்தான் வருவினம். இது கடலிலையிருந்து கரைக்கு அடிக்கிற சோளகக்காத்து. ஆனி, ஆடியா இருக்கும்."

கடிதத்தைத் திரும்ப வாசித்தார்கள். 'மழைக்கு இடிந்த மதிலை இப்போதுதான் கட்டி முடித்தோம்' என்றிருந்தது. மழை போய் எத்தனையோ மாதம்.

"ஓம் ரீச்சர், அவள் சொல்றதுதான் சரி."

எனக்கு முகம் சுட்டது. அன்று பின்னேரமே அதிபரிடம் போய் என் சொல்லை மீளப் பெற்றேன். நீரோ அதே கடிதத்தை வைத்து, பள்ளி விட்ட பிறகு அவளுக்கு வரிவரியாக வாசிப்புப் பழக்கினீர்.

பிறகு, இராணுவம் நெருங்க ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த ஐப்பசி வந்தது. கூட்டத்தில் உம்மைத் தவறவிட்டேன். காய்ச்சலில் நீர் போய்விட்டீர் என்ற செய்தி இரண்டு மாதம் கழித்துக் கடிதமாக வந்தது. மூன்று பக்கம், ரெஜினாவின் கையெழுத்து. கடைசிவரை பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

இப்போதும் ஒரு பிள்ளையைப் பற்றி 'இவளுக்கு ஏலாது' என்று யாராவது சொன்னால், "அவளிட்டை எதைக் காட்டிக் கேட்டனீங்கள்?" என்று கேட்கிறேன். கேட்பது என் வாய்தான்; குரல் உம்முடையது.