ப்ளஸ் மூன்று எந்தப் பக்கம்?

சனிக்கிழமை, இரவு.

மருமகள் கவிதாவுக்கு நாளை ஆசிரியர் தேர்வு. சாயங்காலம் வட்டக் கணக்கு ஒன்றைச் சத்தமாகப் படித்தாள்: (x + 3)² + (y − 2)² = 25. மையம் (−3, 2), ஆரம் 5 என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ப்ளஸ் மூணுன்னு போட்டிருக்குது, நீ மைனஸ்ங்கறே. இருக்கறத இருக்கறபடி படி, அம்மணி. கான்வென்ட்ல எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"குறி மாறுமுங்க அத்தை."

"ஏன் மாறுது?"

"சரிங்க அத்தை" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

இப்போது போட்டுப் பார்த்தேன். x, y இடத்தில் மையத்தை வைத்தால் சுழிதானே வரவேண்டும், தன்னிலிருந்து தனக்கு ஏது தூரம்? இருக்கிறபடி படித்த என் (3, −2)-ஐ வைத்தால் ஐம்பத்திரண்டு வருகிறது. அவளுடையதை வைத்தால் சுழி. ஆனாலும் ப்ளஸ் போட்ட வட்டம் ஏன் இடப்பக்கம் போகிறது என்பது பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேன். இல்லை, கேட்டிருக்க மாட்டேன்.

அந்தச் "சரிங்க" எந்தச் சரிங்க? நம்பிச் சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா? நம்பியிருந்தால் என்னால் அவளுக்கு மதிப்பெண் போகும். விடியலில் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். மரியாதைக்கு என்றால், நான் சொன்னது தப்பென்று அவளுக்கு அப்போதே தெரியும்.

இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?