தொட்டித் தண்ணீர் ஏன் கலங்கியது

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஷிஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லெஸ்டரில் குளிர் இறங்கிவிட்டதாகப் போன கிழமை சொன்னாய், நீயும் மருமகளும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறேன். நாங்கள் நல்ல சுகம் என்று எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனால் வீட்டில் ஒருவரும் படுக்கையில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், அது போதும். ஃபோனில் கதைக்காமல் ஏன் உம்மா பேப்பரும் பேனையும் எடுத்தார் என்று நீ பயப்படுவாய். பயப்படாதே. ஃபோனில் என்றால் வாப்பா பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அவர் காதுபட எனக்கு இதைச் சொல்ல வராது. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்றும் நினைக்காதே, அவரே தான் சொன்னார், “மகன்ட மொகத்தப் பாத்து எனக்கு இதச் சொல்ல ஏலா றலியா, நீ எழுதிக் குடு” என்று. கீழ் வீட்டு ஐறீன் தன் மகளைப் பார்க்க லண்டன் வருகிறாள், அவளிடம் இதையும் ஒரு போத்தல் மாசிச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன், அவள் அங்கிருந்து தபாலில் போடுவாள்.

நீ போகும்போது விட்டுப்போன மீன் தொட்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கோபிக்காதே மகன், மீன்களில் முக்கால்வாசி போய்விட்டன. வாப்பாவுக்கு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது உனக்குத் தெரியும், அதிலிருந்து அவருக்கு அந்தத் தொட்டிதான் துணை. கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார், மூடியைத் திறந்து தீன் போடுவார், ஏஞ்சல் மீன் இரண்டும் அவர் விரலுக்குக் கிட்ட வந்து வாயைத் திறக்கும். நானும் அவர் மனம் அதில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாய்க் கிடக்கிறது, கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஒன்று செத்து மிதக்கிறது. சரி, தண்ணீர் பழசாகிவிட்டது என்று பாதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன், தெளிந்தது. இரண்டு நாள் போகவில்லை, திரும்ப அதே வெள்ளை. திரும்ப இறைத்தேன், திரும்ப வெள்ளை. இப்படியே கிழமைக் கணக்காக வாளியும் குழாயுமாக என் தோள் இரண்டும் கழன்றுபோயின. லிஃப்ட் வேறு பழுது, கீழே போய்ச் சாமான் வாங்கி வருவதும் நான், வாப்பாவுக்குப் பத்தியம் சமைப்பதும் நான், மீனுக்கு வைத்தியம் பார்ப்பதும் நான்.

பாமன்கடைப் பக்கம் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜீவராஜை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஸ்கூல் விட்டு வரும்போது அங்கே தானே நிற்பாய். அவனிடம் போனேன். பைப் தண்ணீரை நேராக ஊற்றினீர்களா என்றான், இல்லை, வாளியில் ஒரு நாள் வைத்துத் தான் ஊற்றுகிறேன் என்றேன். புது மீன் விட்டீர்களா, இல்லை. டெங்கு நுளம்புக்குப் புகை அடித்தார்களா, அடித்த அன்று ஜன்னலைப் பூட்டித் தொட்டியைத் துணியால் மூடினேன் என்றேன். உப்புப் போடச் சொன்னான், போட்டேன். நீல மருந்து தந்தான், அதையும் விட்டேன், தொட்டி எல்லாம் மை கொட்டினது போல ஆனது தான் மிச்சம், பிளாட்டி மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, பிறகு எழும்பவில்லை. செத்ததை எல்லாம் பல்கனியில் கறிவேப்பிலை நட்ட பூச்சட்டியில் புதைத்தேன். பெரிய ஏஞ்சல் போன அன்று வாப்பா சாப்பிடவில்லை, தொட்டியைப் பார்த்தபடியே இருந்தார், “எல்லாம் நம்மட காலத்தோட போவுது” என்று ஒரு சொல் சொன்னார். அவருக்கும் அந்த நாட்களில் உடம்பு சரியில்லை. பின்னேரம் ஆனால் கால் வீங்கிவிடும், விரலால் அழுத்தினால் குழி விழும், குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக் கதிரையில் இருப்பதால் தான் என்று நான் நினைத்தேன். குளிசை எல்லாம் நேரத்துக்குக் கொடுக்கிறேன், கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் பக்கத்தில் நிற்கிறேன், பிறகு ஏன் இப்படி என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் போவதை விட்டுவிட்டார், கேட்டால் கால் வலி என்பார்.

கடைசியில் ஜீவராஜ் ஒரு போத்தலில் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னான். ஒரு சோதனைக் கடதாசித் துண்டை அதில் நனைத்துப் பார்த்துவிட்டு, “அன்ட்டி, உள்ளுக்கு என்னமோ ஊறி அழுகுது, சும்மா தண்ணி மாத்தி வேலயில்ல, கல்லெல்லாம் எடுத்துக் கழுவிப் பாருங்க, செத்த நத்தை கித்தை கிடக்கும்” என்றான். வாப்பா லுஹர் தொழுது படுத்திருந்த நேரம், மிஞ்சின மீன்களை ஒரு பேசினில் விட்டு, காற்றுக் குழாயையும் அதில் போட்டுவிட்டு, கல்லைப் பல்கனிக்குக் கொண்டுபோய் மா அரிக்கும் பழைய அரிதட்டில் போட்டுக் கழுவினேன். நத்தை இல்லை மகன். வாப்பா வழமையாக மூடி திறக்கும் அந்த மூலைக் கல்லுக்குள் சுண்ணாம்பு போல ஒரு பசை, அதற்குள் பாதி கரைந்த வில்லைகள், ரோஸ் நிறத் தோல் மட்டும் உரிந்து கிடக்கிறது. அந்த ரோஸ் நிறத்தைத் தினமும் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேனே, எனக்குத் தெரியாதா. வாயில் போட்டு நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மீனுக்குத் தீன் போடுவது போல மூடியைத் திறந்து துப்பியிருக்கிறார். அந்த மருந்தெல்லாம் கரைந்து மீன்களைத் தின்றிருக்கிறது, மருந்து போகாத உடம்பில் தண்ணீர் கட்டியிருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணீர் வைக்கும்போது அந்த வில்லைகளையும் ஒரு கோப்பைப் பீரிசில் வைத்து அவருக்கு முன்னால் வைத்தேன். பொய் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. பீரிசைப் பார்த்தார், வெறும் தொட்டியைப் பார்த்தார், பிறகு, “அப்ப மீனெல்லாம் இதாலயா மௌத்தானது” என்று கேட்டார். நான் கத்திவிட்டேன் மகன், மறைப்பானேன். “மீனப் பத்திக் கேக்குறீங்களே, நீங்க மௌத்தானா நான் என்ன செய்றது, இத்தன நாளா வாளி தூக்கித் தூக்கி என்ட கை போச்சி, நீங்க அந்தத் தண்ணிக்கே மருந்தத் துப்பிக்கிட்டு இருந்தீங்களா” என்று கத்தினேன், கீழே ஐறீனுக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். உன் வாப்பா மையத்து வீடுகளில் கூட அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்தேன், தேத்தண்ணீர் ஆறிப்போனது.

பிறகு தான் மெல்ல மெல்லச் சொன்னார். அந்தக் குளிசைகளில் ஒன்று நீர் போகிற குளிசை, காலையில் போட்டால் பகல் முழுக்கக் குளியலறைக்கு ஓட வேண்டும். ஆஸ்பத்திரியால் வந்து முதல் தடவை ஜும்ஆவுக்குப் போன அன்று குத்பாப் பிரசங்கம் நடக்கும்போதே முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. “ஸஃப்பு வரிசையப் பொளந்துக்கிட்டு எழும்பி வர வெக்கமாப் போச்சி. இந்தா முடியும் இந்தா முடியும் எண்டு அடக்கிக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள சாரம் நனஞ்சிட்டு. பக்கத்துல இருந்தவர் ஒண்டும் சொல்லல்ல, கொஞ்சம் தள்ளி இருந்தாரு. அவர் ஏசியிருந்தாக் கூடப் பரவால்ல றலியா.” இப்படிச் சொன்னார். அன்றைக்கு வந்து சாரத்தைத் தானே கழுவிக் காயப்போட்டார், பஸ் சேற்றுத் தண்ணீரை அடித்துவிட்டுப் போனதாக என்னிடம் சொன்னார், நானும் நம்பி பஸ்காரனைத் திட்டினேன். அதற்குப் பிறகு நீர்க் குளிசையை மட்டும் துப்பினாராம், அப்படியும் பள்ளிக்குப் போகப் பயம், போனால் அந்த மனிதர் இருப்பாரோ என்று. பிறகு ‘உடம்பு இப்படியே போகட்டும்’ என்று மற்றதையும் துப்பத் தொடங்கியிருக்கிறார். இந்தச் சொல்லைத் தான் அவரால் உனக்குச் சொல்ல முடியவில்லை, எனக்கும் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நீ தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாளே டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் சிங்களவர், நல்ல பிள்ளை. எனக்குத் தமிழில் சொல்ல அத்தனை நேரம் எடுத்த மனிதர் அவரிடம் சிங்களத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார், வேறு பாஷையில் வெட்கம் கொஞ்சம் குறைவு போல. டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. “லஜ்ஜா வென்ன எபா, மாத்தயா” என்று, வெட்கப்படாதீர்கள் ஐயா என்று கையைப் பிடித்துச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் நிரம்பி ஆஸ்பத்திரியில் தான் போட வேண்டி வந்திருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கால் வீக்கம் வடியும் வரை மருந்தைக் கூட்டித் தந்தார், வடிந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் நீர்க் குளிசையை மட்டும் ஜும்ஆ முடிந்து வந்து போடலாம் என்றார். அவ்வளவு தான் மகன். ஒரு வார்த்தை முதலிலேயே கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இப்போது கால் வீக்கம் வடிந்துவிட்டது. குளிசையை விழுங்கிவிட்டு நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுகிறார், எனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, வேண்டாம் என்றாலும் காட்டுகிறார். மிஞ்சின சின்ன ஏஞ்சலும் சில கப்பிகளும் திரும்பத் தொட்டிக்குப் போய்விட்டன, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. புது மீன் வாங்கி விடுவோமா என்று வாப்பா கேட்டார், ஜீவராஜ் அவசரப்பட வேண்டாம், தண்ணீர் பழகட்டும் என்கிறான். வாளி தூக்க வாப்பாவை நான் விடுவதில்லை, குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு இருப்பார், அதுவும் ஒரு உதவி தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனார், கதவுக்குப் பக்கத்துக் கடைசி ஸஃப்பில் இருந்தாராம். அந்த மனிதரும் வந்திருந்தார், ஸலாம் சொல்லி, உங்களை இவ்வளவு நாளும் காணவில்லையே என்று கேட்டாராம். வேறொன்றும் இல்லை. வாப்பா வந்து சோறு கேட்டுச் சாப்பிட்டார், நான் அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷமா களைப்பா என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் களைப்பாக இருக்கிறது மகன். ஒன்றும் செய்யாமல் ஒரு பகல் படுத்திருக்க வேண்டும் போல இருக்கிறது.

வாப்பாவிடம் குளிசை பற்றி ஒன்றும் கேட்காதே, இந்தக் கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொல், அவருக்கு விளங்கும். வழமை போல அவரோடு கதை, மீனைப் பற்றிக் கேள், கிரிக்கெட்டைப் பற்றிக் கேள். மறக்காமல் உன் பிரஷரை அங்கே ஒரு தரம் பார்த்துக்கொள், வாப்பாவின் வழியில் எல்லோருக்கும் நெஞ்சு வருத்தம் உண்டு. நீயும் அவரைப் போலத் தான், காய்ச்சலில் கிடந்துகொண்டு ‘நல்ல சுகம் உம்மா’ என்பாய், குரலில் எனக்குத் தெரிந்துவிடும். உடம்பில் என்ன என்றாலும் மருமகளிடம் சொல், இல்லையென்றால் என்னிடம் சொல். நீ நனைத்த துணிகளை எல்லாம் துவைத்த கை இது, இந்தக் கையிடம் உனக்கு என்ன வெட்கம்.

உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தரட்டும், உங்கள் வீட்டில் பரக்கத்தைக் கொட்டட்டும். மருமகளுக்கு என் ஸலாம். வாப்பாவும் ஸலாம் சொல்லச் சொன்னார், எழுதி முடித்துவிட்டாயா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

உன் உம்மா,
றலியா மஜீட்